பின் சீட்டு இல்லாத கார்

எங்கள் அத்தானை அடக்கம் செய்த மறுநாள் காலையில் தெருமுனையில் ஒரு பேனர் தொங்கியது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஆயுசில் கோட்டே போடாத மனிதருக்கு நீலக் கோட்டு மாட்டி, கழுத்துக்கு மேலே அவர் முகத்தை ஒட்டி, பின்னால் மேகமும் புறாவும் போட்டிருந்தார்கள். ‘இல்லை என்ற சொல்லே அறியாத எங்கள் அண்ணன்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாக ஆண்களின் படங்கள். அத்தனை பேரும் அவரிடம் எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள். என் அக்காவின் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை அப்போதே கிழித்துப் போட்டிருப்பேன். துக்க வீட்டில் ரகளை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் அந்த வரி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. இல்லை என்ற சொல்லே அறியாதவராம்! ஊரில் ஒருவனுக்குச் சரி என்று சொன்னால், அதே நேரம் வீட்டில் ஒருத்திக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்க வேண்டாம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சர், அதனால் சொல்கிறேன்.

அத்தான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு சின்னத் தறிக்கூடம் வைத்திருந்தார். ஒல்லி, நெட்டை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் இருக்கும். தலைமுடியில் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருப்பதால் நாற்பது வயதிலேயே நரைத்தவர் போலத் தெரிவார். யாராவது வந்து ஒன்று கேட்டால், முதலில் வலது கையால் பிடரியைத் தடவுவார். ஒரு தடவு மேலே, ஒரு தடவு கீழே. பிறகு அந்தச் சொல் வரும்.

“அதுக்கென்ன.”

முன்னறையில் இந்தச் சொல் கேட்டதும், அடுப்படியில் நிற்கிற அக்கா எட்டிப் பார்ப்பாள். வீட்டைவிட்டு எது போகப்போகிறது என்று பார்ப்பதற்கு. கிரைண்டர் போயிருக்கிறது. ஜெனரேட்டர் போயிருக்கிறது. கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரத்தில், முறுக்குச் சுடுவதற்காக அக்கா புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த பெரிய வாணலி போய், பொங்கல் கழிந்து ஓட்டையோடு வந்தது. வாங்கிப் போனவர் வாசலிலேயே வைத்துவிட்டு, “அண்ணன் தங்கமான மனுசன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்த வாணலியில் கறிவேப்பிலை நட்டாள்.

கொடுப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் என்று ஊர் நினைத்தது. எனக்கல்லவா தெரியும். கேட்க வருகிற ஆள் தெருவில் திரும்பும்போதே கண்டுபிடித்துவிடுவார். ஓடிப்போய்க் குளியலறைக்குள் புகுந்து குழாயைத் திறந்து விடுவார். வந்தவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். “பரவால்ல, அண்ணன் குளிச்சிட்டே வரட்டும்” என்று காப்பியும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வாளி நிரம்பி வழியும். கடைசியில் தலை நனையாமல், தோளில் காய்ந்த துண்டோடு வெளியே வந்து, பிடரியைத் தடவி, “அதுக்கென்ன, எடுத்துக்கோங்க” என்பார்.

ஒரு முறை ஏணியைக் காப்பாற்றுவதற்காகப் பெரிய பூட்டு ஒன்று வாங்கி வந்து, ஏணியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். சாவியை வேண்டுமென்றே எங்கேயோ ஒளித்துவைத்தார். “இனிமே யாரு வந்தாலும் சாவியக் காணலன்னு சொல்லிரலாம்” என்று அக்காவிடம் குழந்தை மாதிரி சிரித்தார். அந்த வாரமே சர்ச்சில் இருந்து ஒருவர் வந்தார். ஊருக்கே சாப்பாடு போடுகிற அசனப் பண்டிகைக்குச் சாமான் போட்டுவைக்கிற அறைக்குப் பூட்டு வேண்டுமாம். ஏணியில் தொங்கிய பூட்டைப் பார்த்து, “இது நல்ல பூட்டா இருக்கே” என்றார். அத்தான் ஒளித்த சாவியைத் தானே தேடி எடுத்து, பூட்டோடு கொடுத்தனுப்பினார். பொறவு ஏணியும் போனது.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரியும். அவருக்கு இல்லை என்று சொல்ல ஆசை இருந்தது. வாய் வரவில்லை. அதனால் தனக்குப் பதிலாக அந்தச் சொல்லைச் சொல்லக்கூடிய ஒரு பொருளை வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். பூட்டு அதில் ஒன்று. கார் இன்னொன்று.

அந்தக் காரின் கதை அவர்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் தொடங்கியது. எங்கள் அப்பா வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பெண்ணையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அழைத்திருந்தோம். புதுப்பெண்டாட்டியோடு தனியாகப் போக வேண்டும் என்று அத்தான் ஆசையாக ஒரு அம்பாசிடர் டாக்சி பேசினார். வண்டி வாசலில் வந்து நின்றதும், அவருடைய சித்தி, “நாங்களும் அப்படியே வாரோமே, அங்க பல்லாஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார். அதுக்கென்ன. சித்தியோடு பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பத்திர ஆபீசில் இறங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதுக்கென்ன. எல்லாரும் ஏறிய பிறகு பார்த்தால் மாப்பிள்ளைக்கு இடம் இல்லை.

நாங்கள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறோம். டாக்சியில் இருந்து கூட்டம் இறங்குகிறது. கடைசியாக அக்கா இறங்கினாள். மடியில் இருந்த ஏதோ ஒரு பிள்ளை அவள் பட்டுச்சேலையில் வாந்தி எடுத்திருந்தது. “மாப்பிள்ளை எங்கம்மா?” என்று எங்கள் அப்பா கேட்டார். “பின்னால டவுன் பஸ்ல வாரார்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அப்பா அந்த ஆரத்தித் தட்டை வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு இரவு அத்தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தியம் செய்தாராம். அடுத்த நாள் ஒரு பழைய பத்திரிகையில் இருந்து ஒரு படத்தைக் கத்தரித்து, பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினார். சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். மேலே டாப்பு கிடையாது. தாழ்வாக, தரையோடு தரையாக. அவர் அக்காவுக்குக் காட்டியது அதன் வேகத்தையோ அழகையோ அல்ல.

“இங்க பாரு. இதுல பின் சீட்டே கெடையாது. ரெண்டே ரெண்டு சீட்டு. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. எவன் வந்து கேட்டாலும் எங்க ஏறுவான்? ஒரு நாள் இதுல உன்னையக் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போறேன்.”

அக்கா பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தாள். சேலை எடுக்கும்போது, பிள்ளைகளின் சர்டிபிகேட் எடுக்கும்போது, அடகு வைக்க வளையல் எடுக்கும்போது. சிவப்பு வெளிறி ஆரஞ்சானது. ஆரஞ்சு வெளிறி மஞ்சளானது. அவள் அதைக் கிழிக்கவில்லை.

நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் என் கோபம் வெறும் வாய்க்கொழுப்பு என்று தோன்றும். தறிக்கூடத்துக்கென்று அத்தான் ஒரு வேன் வாங்கியிருந்தார். ஒரு நாள் மத்தியானம் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்து சுருண்டு விழுந்துவிட்டாள். பித்தப்பையில் கல். லீவுக்கு அங்கே போயிருந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தால் வேன் இல்லை. யாரோ குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போக வாங்கிப் போயிருந்தார்கள். வெயிலில் ஆட்டோ கிடைக்காமல், அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். அவள் என் தோளைக் கடித்தாள். அவ்வளவு வலி. அத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கையில் இளநீர் இருந்தது, கண்ணில் தண்ணீர் இருந்தது.

“கேட்டுட்டாவளே பிள்ள. நான் என்ன செய்ய?”

“இல்லன்னு சொல்லணும் அத்தான்!” என்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். என்னைத்தான் போகச் சொன்னார். அத்தானைப் பார்த்து, “பாவம், நீங்க உக்காருங்க சார்” என்றார். அவர் முகம் அப்படி.

அறுபது வயதைத் தாண்டி, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் நிலைத்த பிறகு, அத்தான் அந்தக் காரை வாங்கினார். படத்தில் இருந்த அதே கார் அல்ல, அதன் தம்பி மாதிரி ஒன்று. கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் வைத்திருந்த பழைய கார்தான். ஆனால் சிவப்பு. டாப்பு மடங்கும். பின் சீட்டு இல்லை. அவரே அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவுக்குள் அது நுழைந்த சத்தத்தில் நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா வெளியே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ரெண்டேனா?” என்று தெலுங்கில் கேட்டார். “ரெண்டு சீட்டுதானா? அப்ப நாங்கல்லாம் எங்கய்யா உக்கார?”

அத்தான் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்காகத்தானே அத்தனை வருஷம் காத்திருந்தார்!

அக்கா முன்கூட்டியே சேலை மாற்றிவிட்டாள். பச்சைக் கரை போட்ட அரக்குப் பட்டு. அப்போது ஐயர் வந்தார், எங்கள் சர்ச் பாதிரியார். புது வண்டிக்கு ஜெபம் பண்ண வேண்டுமே. கார் மேல் கை வைத்து நீண்ட ஜெபம் பண்ணினார். முடித்துவிட்டு, “செத்த நேரம் உக்காந்து பாக்கலாமா?” என்றார். அதுக்கென்ன. உட்கார்ந்தவர், “அப்படியே என்னைய சர்ச் பங்களாவுல விட்டுருங்களேன்” என்றார். அதுக்கென்ன. அந்தக் காரின் இரண்டாவது சீட்டில் முதல் சவாரி போனவர் ஐயர். அக்கா வாசலில் நின்று கையசைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சேலையை மாற்றி, சோற்றுக்கு உலை வைத்தாள்.

மறு வாரம் தறியில் வேலை பார்க்கிற ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் கார் வேண்டும். எங்கள் பக்கம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் வைத்துத்தான் மேளத்தோடு மண்டபத்துக்குக் கூட்டிப் போவார்கள். அந்தக் காருக்கு மதுரைக்குப் போக வேண்டும். இப்போது உள்ளூரிலேயே ஒன்று வந்துவிட்டது. பின் சீட்டு இல்லையே என்று அத்தான் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் இல்லை என்பதற்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அப்போதுதான்.

“சீட்டு எதுக்கு மொதலாளி? மாப்பிள்ளைய மேல, டாப்பு மடங்கி இருக்குற எடத்துல ஏத்திருவோம். அப்பத்தான எல்லாரும் பாப்பாவ! காலை மட்டும் கீழ அந்தச் சீட்டுல வச்சுக்கிடுவான்.”

பிடரியைத் தடவினார். அதுக்கென்ன.

அப்புறம் கேட்கவா வேண்டும்? ராஜபாளையத்தில், சோழபுரத்தில், தேவதானத்தில் எங்கே கல்யாணம் என்றாலும் அத்தானின் கார்தான். கிளட்ச் விஷயத்தில் பயந்து, யாரிடமும் கொடுக்காமல் அவரே ஓட்டினார். பறக்கிறதற்கென்று செய்த கார் மேளக்காரர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போகும். முதல் கியரைத் தாண்டியதே இல்லை. இரண்டு முறை கிளட்ச் பிளேட் கருகியது. “இது ஓடப் பொறந்த வண்டி சார். நீங்க சப்பரம் மாதிரி நகத்திக்கிட்டுப் போறிய” என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளியாக இருந்தவர், இருபத்தைந்து வயது மாப்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர் ஆனார். அந்தக் கூட்டத்தில் சில பேர், “டிரைவர் சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொல்வார்.

எனக்குத் தாங்காமல் போனது அது அல்ல. என் அக்கா உட்கார வேண்டிய சீட்டில் ஊரில் உள்ள மாப்பிள்ளைகளின் பூட்ஸ் கால்! ஒவ்வொரு முறை கார் திரும்பி வந்ததும் அக்கா ஈரத்துணியோடு போவாள். சீட்டில் பதிந்த செருப்பு அடையாளத்தைத் துடைப்பாள். இடுக்கில் சிக்கிய ஜிகினாத் தாளையும் வாடிய மல்லிகையையும் விரலால் நோண்டி எடுப்பாள். பட்டாசு விழுந்து ஓர் இடத்தில் பொத்தல் வேறு. அதை அதே கலர் நூல் வாங்கித் தைத்தாள். வெளியே நின்றபடி, குனிந்து தைத்தாள். ஒரு காலை உள்ளே வைக்கவில்லை.

நான் அத்தானிடமே கேட்டேன். “அத்தான், இந்தக் காரை யாருக்கு வாங்குனிய?”

“உங்க அக்காவுக்குத்தான்.”

“அவ என்னைக்கு இதுல உக்காந்தா?”

“அவ ஒண்ணும் கேக்கலையே பிள்ள” என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு.

அப்படியே பொறுக்க முடியாமல் அடுப்படிக்குப் போனேன். “ஏன்க்கா, ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்ன?” என்றேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். என் அக்கா சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் போடவில்லை. ஆனால் அவள் முகம் சிவந்திருந்தது.

“எனக்குன்னு வாங்குனதை நானே வாசல்ல நின்னு கேட்டு வாங்கணுமாட்டி? வாரவன் போறவனோட வரிசையில நானும் நிக்கணுமோ?”

அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. அன்றைக்குக் காரை யாருக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கவில்லை. அத்தான் காலையிலேயே அதைக் கழுவி, மத்தியானம் மறுபடியும் துடைத்தார். அக்கா அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாலு மணிக்கு அரக்குப் பட்டை உடுத்தினாள். நான் பூ வைத்துவிட்டேன். அத்தான் நல்ல சட்டை போட்டு, சாவியோடு கார்ப் பக்கத்தில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். கூப்பிடத்தான் போகிறார் என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. சோழபுரத்துக்காரர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். “அண்ணாச்சி, மானத்தைக் காப்பாத்துங்க. மதுரையில இருந்து வந்த ஓப்பன் காரு கிருஷ்ணன்கோவில் பக்கத்துலயே படுத்துருச்சு. மாப்பிள்ளை இங்க கோயில் வாசல்ல நிக்கான். மேளக்காரவுக கத்துதாக.”

கை பிடரிக்குப் போனது. ஒரு தடவு மேலே, ஒரு தடவு கீழே. அத்தான் ஒரு தடவை அக்காவைப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் கொதிக்கிறது. பார்க்காமல் போயிருந்தால் கூட மன்னித்திருப்பேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

“அதுக்கென்ன.”

கார் போன பிறகு அக்கா வாசற்படியிலேயே நின்றாள். சேலையை மாற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டினாள். “வாட்டி” என்றாள்.

அவள் முன்னே நடந்தாள், நான் பின்னால் ஓடினேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. பொழுது சாயும் நேரம். சிவப்புக் கார் முன்னால் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே மாப்பிள்ளை, கோட்டு, ஆள் உயர மாலை, கறுப்புக் கண்ணாடி. அவன் பூட்ஸ் கால்கள் அந்தச் சீட்டில். கீழே என் அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி.

அக்கா மேளக்காரர்களை விலக்கிக்கொண்டு நேராகப் போய்க் காரின் மூக்குக்கு முன்னால் நின்றாள். தவில் தானாக நின்றது. ஒரு பீப்பி மட்டும் செத்த நேரம் தனியாக இழுத்துவிட்டு அடங்கியது.

“எனக்கு இந்தக் காரு வேணும்” என்றாள் அத்தானைப் பார்த்து.

“இப்பவா?”

“இப்பத்தான்.”

மாப்பிள்ளையின் தாய்மாமன் பாய்ந்து வந்தார். “என்னம்மா இது? பாதி வழியில மாப்பிள்ளைய இறக்குனா சகுனம் என்னாகும்?” என்றார். நான் சும்மா இருப்பேனா? “என் அக்காவ ஆயுசு பூரா வழியிலேயே இறக்கி விட்டிருக்காவளே, அதுக்குச் சகுனம் பாத்தது யாரு?” என்று எகிறினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது நினைத்தால் அந்த மனிதர் பாவம்தான், ஆனால் அப்போது என் கையில் அகப்பட்டவர் அவர்.

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் கை மெல்ல எழுந்து பிடரிக்குப் போனது. ஒரு தடவு மேலே, ஒரு தடவு கீழே. முன்னால் நிற்பது கேட்டு வந்த ஆள். கேட்ட ஆளுக்கு அவரால் என்ன சொல்ல முடியும்?

“அதுக்கென்ன” என்றார்.

அந்த மாப்பிள்ளைப் பையன் நல்லவன். “நான் நடந்தே போயிருதேன்க்கா, இது மேல உக்காந்து இடுப்பு போச்சு” என்று மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தான். அக்கா முந்தானையால் சீட்டைத் துடைத்தாள். உட்கார்ந்தாள். நானும் ஏறலாம் என்று ஒரு நிமிஷம் கை கதவுக்குப் போனது. பின் சீட்டு இல்லை. நடுரோட்டில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.

போன கதையை அக்கா மறுநாள் சொன்னாள். ஊரைத் தாண்டியதும் அத்தான் கியரை மாற்ற மாற்ற, கார் அவர்கள் இருவரையும் சீட்டோடு அமுக்கியதாம். அவள் பக்கம் மலை கூடவே ஓடி வந்ததாம். கொண்டை அவிழ்ந்து மல்லிகைச் சரம் பறந்துபோனதாம். “சின்னப்பிள்ள மாதிரி ரெண்டு பேரும் சிரிச்சோம்ட்டி” என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அப்பா வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. அதன் முன்னால் போய் நிறுத்தினார்களாம். அங்கே அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்:

“இம்புட்டுதானா? நீ கேட்டிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேன்லா.”

அக்கா கையை உருவிக்கொண்டாளாம்.

“ஊர்ல எல்லாரும் உங்களைக் கேட்டாவ. நீங்க என்னைய ஒரு நாளாவது, ‘வாரியா’ன்னு கேட்டியளா?”

அதற்கு அத்தான் பிடரியைத் தடவினாராம். ரொம்ப நேரம் தடவினாராம். பிறகு வண்டியைத் திருப்பினாராம். திரும்பி வரும்போது மெதுவாக ஓட்டினாராம்.

அதற்குப் பிறகு மனிதர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கே கார் போனது. அக்காவும் வேறு வழியில்லாமல் கேட்கக் கற்றுக்கொண்டாள். அவள் கேட்ட அன்றைக்கெல்லாம் கூட்டிப் போனார். கேட்காத அன்றைக்குக் கூப்பிடவில்லை. சில சாயங்காலம் சாவியோடு அடுப்படி வாசல் வரைக்கும் வருவார். நிற்பார். “என்ன?” என்பாள் அக்கா. “ஒண்ணுமில்ல, தண்ணி” என்பார். குடித்துவிட்டுப் போவார். ‘வாரியா’, மூன்றே எழுத்து, அவ்வளவுதானே? ஊருக்கே அள்ளிக் கொடுத்த வாயில் அந்தச் சொல் வராமலேயே, ஒரு நாள் தறிக்கூடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். வீட்டில் ஜெபக் கூட்டம் நடந்தது. எல்லாரும் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். பேனரில் முதல் வரிசையில் இருந்தவர். தொண்டையைச் செருமினார்.

“மதினி, துக்க வீட்டுல கேக்கக் கூடாது. வைகாசியில நம்ம தம்பிக்குக் கல்யாணம். கார் சும்மாதான நிக்கி? அண்ணன் இருந்தா இல்லன்னு சொல்லியிருக்க மாட்டாவ.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்தாள்.

“அவிய சொல்லியிருக்க மாட்டாவதான்” என்றாள் அமைதியாக. “நான் சொல்லுதேன். இல்ல.”

அந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். வானம் இடிந்து விழவில்லை. வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். இதற்கா ஒரு மனிதர் ஆயுசெல்லாம் குளியலறையில் போய் ஒளிந்தார்?

அக்கா எழுந்து பீரோவைத் திறந்தாள். படம் ஒட்டியிருந்த கதவில் இப்போது மஞ்சள் கூட இல்லை, வெறும் தாள். சாவியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும்.

“ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போறேன். ஏட்டி, வாரியா?”

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! அத்தான் மேல் எனக்கு வந்த கோபத்தில் கண் நிறைந்து, அவள் கையில் இருந்த சாவி தெரியவில்லை.